ஒரு சென்ட் வரியும் வந்துசேராத ரயிலும்

வரி என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு எரிச்சல்தான் வரும். நியாயமான எரிச்சல். தார் ரோடு ஊர்த்தெருவோடு நின்றுவிடும், தண்ணீர்க் குழாய் மந்தையோடு நின்றுவிடும், வரி மட்டும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் ஏறிக்கொண்டு தங்குதடையில்லாமல் சேரிக்குள் வந்துவிடும். நாம் வரி கட்டுகிறவர்கள் என்பதையே ஒத்துக்கொள்ளாதவன்தான் 'எங்க வரிப்பணத்துல சலுகையா' என்று நம்மைக் கேட்கிறான்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு வரியின் வரலாறு. இடம் அமெரிக்காவின் தென்பகுதி, ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரமான அட்லாண்டா. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆகும் செலவுக்கு உள்ளூர் வரி போடலாமா, வேண்டாமா என்று அங்கே மக்களிடமே வாக்கு கேட்டார்கள். ஒரு தடவை அல்ல, 1965இல் தொடங்கி 2024 வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வாக்குச்சீட்டில் இருந்தது வரி பற்றிய கேள்வி. மக்கள் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. கறுப்பர்கள் நம் தெருவுக்கு வரலாமா என்பதுதான் அந்தக் கேள்வி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ரயில் பெட்டியிலும் டிராம் வண்டியிலும் கறுப்பரைப் பிரித்து உட்காரவைக்க 1891இலேயே சட்டம் போட்ட மாநிலம் ஜார்ஜியா. டிராம் வண்டிக்கு அப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலமும் அதுதான். மாண்ட்காமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் கைதானதும், 381 நாள் பஸ் புறக்கணிப்பு நடந்ததும் நம் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டன. அட்லாண்டாவின் பஸ் போராட்டம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1957 ஜனவரியில் வில்லியம் ஹோம்ஸ் பார்டர்ஸ் என்ற பாதிரியாரும் சக பாதிரிமார்களும் பஸ்ஸில் ஏறி வெள்ளையருக்கான முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். கைது செய்தார்கள். வழக்கு நடந்தது. 1959 ஜனவரியில் பஸ்ஸில் பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

சரி, இருக்கை கிடைத்தது. பஸ் எங்கே போகும், எங்கே போகாது என்பதை யார் தீர்மானிப்பது? சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டால் தீண்டாமை வரைபடத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அட்லாண்டாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1950களிலும் 60களிலும் கார்களுக்காகப் பெரும் நெடுஞ்சாலைகள் போட்டபோது, கறுப்பர்களின் வியாபாரமும் சபைகளும் பத்திரிகையும் செழித்த ஆபர்ன் அவென்யூவை நடுவில் அறுத்துக்கொண்டு ஒரு சாலை போனது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெரு அது. 1962 டிசம்பரில் நகர மேயர் ஐவன் ஆலன் பெய்ட்டன் ரோட்டின் குறுக்கே தடுப்பே வைத்தார். வெள்ளையர் குடியிருப்புக்குள் கறுப்பர்கள் வீடு வாங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக நடுரோட்டில் அரசாங்கமே எழுப்பிய தடுப்பு அது. கறுப்பர்கள் அதை அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்றார்கள். 1963 மார்ச்சில் நீதிமன்றம் சொல்லி அகற்றினார்கள். மூன்றே மாதத்தில் போய்விட்டது. 1989இல் கட்டிய உத்தப்புரம் சுவரில் 2008இல்தான் ஒரு பகுதியை உடைக்க முடிந்தது நம்மால். ஜார்ஜியாவுக்கே நாம் பாடம் எடுக்கலாம்.

இத்தனைக்கும் அட்லாண்டா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? 'வெறுக்க நேரமில்லாத நகரம்'. வியாபாரத்தில் மும்முரமாக இருக்கிறோம், நிறவெறிக்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம் என்று அர்த்தம். ஆனால் 1960களில் மட்டும் சுமார் 60,000 வெள்ளையர்கள் நகரத்தைக் காலிசெய்துகொண்டு புறநகரங்களுக்குப் போனார்கள். வீடு மாற்றுகிற மும்முரத்தில் வெறுக்க நேரமில்லை போலிருக்கிறது. 1970 கணக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள் ஆகிவிட்டார்கள். சுற்றியிருந்த காப், குவின்னெட், கிளேட்டன் கவுண்டிகள் ஏறத்தாழ முழுக்க வெள்ளையருடையவை. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆனால் தனியாக வரி போடும் அதிகாரம் உண்டு, அதற்கு மக்களிடம் வாக்கெடுப்பும் நடக்கும். இந்த எல்லைக்கோடு வெறும் கோடு அல்ல. காசு இந்தக் கோட்டைத் தாண்டுமா என்பதும், பஸ் தாண்டுமா என்பதும் வாக்கெடுப்பில்தான் முடிவாகும்.

1965இல் ஜார்ஜியா சட்டமன்றம் மார்ட்டா என்ற போக்குவரத்து ஆணையத்தை உருவாக்கியது. பெருநகர அட்லாண்டா விரைவுப் போக்குவரத்து ஆணையம் என்பதன் சுருக்கம் அது. நகரமும் சுற்றியுள்ள ஐந்து கவுண்டிகளும் சேர்வதாகத் திட்டம். சேர விருப்பமா என்று அந்த வருஷம் வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரமும் நான்கு கவுண்டிகளும் சரி என்றன. காப் கவுண்டி மாட்டேன் என்றது.

அதே 1965 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அட்லாண்டாவின் எபினேசர் தேவாலயத்தில் கிங் பிரசங்கம் செய்தார். 1959இல் கேரளம் போயிருந்தபோது தீண்டப்படாத மக்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தன்னை 'அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தியதை அன்று நினைவுகூர்ந்தார். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு தன் நாட்டின் இரண்டு கோடிக் கறுப்பர்களை நினைத்துப் பார்த்தபோது அது உண்மைதான் என்று தோன்றியது என்றார். சேரிக்கும் அட்லாண்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். அந்தச் சம்பந்தத்தை அவரே அந்த ஊரில் நின்று சொல்லியிருக்கிறார்.

1968 நவம்பரில் இரண்டாவது வாக்கெடுப்பு. இந்த முறை காசு பற்றியது. சொத்து வரியைக் கொண்டு ரயில் கட்டலாமா? தோற்றுப்போனது. வெள்ளைப் புறநகர்க்காரன் வேண்டாம் என்று வாக்களித்ததில் ஆச்சரியமில்லை. கறுப்பர் தலைவர்களும் வேண்டாம் என்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏன்? திட்டம் போட்டவர்கள் நகரத்து வியாபாரப் பிரமுகர்கள். புறநகர் வீட்டிலிருந்து நகர மைய அலுவலகத்துக்கு வெள்ளைக்காரன் சொகுசாக வந்துபோக ஒரு ரயில், அதுதான் அவர்கள் மனசில் இருந்த படம். தினமும் பஸ்ஸில் போகிற கறுப்பர்களின் குடியிருப்புகளுக்கு அதில் உருப்படியாக ஒன்றுமில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. 'வளர்ச்சித் திட்டத்தை எதிர்க்கலாமா, நகரம் முன்னேற வேண்டாமா' என்று அறிவுரை சொல்ல அன்றைக்கும் ஆளிருந்தது. எங்களைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கறுப்பர்கள் கேட்டார்கள். வாக்குச்சீட்டில் 'இல்லை' என்று குத்துவதும் ஒரு பேச்சுவார்த்தைதான். அந்த 'இல்லை'தான் அவர்களை மேசைக்கு வரவழைத்தது.

1970இல் சாம் மாஸல் மேயரானார். அட்லாண்டாவின் முதல் யூத மேயர். துணை மேயர் மேனார்டு ஜாக்ஸன், கறுப்பர், இளம் வழக்கறிஞர். கறுப்பர் வாக்கு இல்லாமல் ரயில் இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சொத்து வரியை விட்டுவிட்டு விற்பனை வரிக்கு வந்தார்கள். ஒரு டாலர் வியாபாரத்துக்கு ஒரு சென்ட்.

இங்கேதான் சிக்கல். சொத்து வரி சொத்து இருப்பவன் கட்டுவது. விற்பனை வரி எல்லோரும் கட்டுவது. பணக்காரன் சம்பளத்தில் பாதியை வங்கியில் போடுவான், ஏழை வாங்கியதையெல்லாம் கடையில் கொடுத்துவிட்டு வருவான். ஆக ஏழையின் முழுச் சம்பளத்துக்கும் வரி, பணக்காரனின் சம்பளத்தில் ஒரு பங்குக்கு மட்டும் வரி. இது அநியாய வரி என்று கறுப்பர் அமைப்புகள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. அநியாய வரியைப் போடுவதானால் அதற்கு ஈடாக எங்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று உட்கார்ந்து பேரம் பேசினார்கள். கிடைத்தது இது: அப்போது 40 சென்ட்டாக இருந்த பஸ் கட்டணம் 15 சென்ட் ஆகும், ஏழு வருஷத்துக்கு ஏறாது. கறுப்பர் பகுதிகளுக்குப் பஸ் அதிகமாகும். நகரின் வடமேற்கில் பெர்ரி ஹோம்ஸ் என்ற அரசாங்கக் குடியிருப்புக்கு ரயில் பாதை வரும்.

மாஸல் கறுப்பர் பகுதிகளில் பஸ்ஸில் ஏறி நோட்டீஸ் கொடுத்தார், கரும்பலகை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு 25 சென்ட் மிச்சம். வேலைக்குப் போக, வர, ஒரு நாளைக்கு 50 சென்ட். ஐந்து நாளில் இரண்டரை டாலர். இந்த இரண்டரை டாலரை ஒரு சென்ட் வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டுமானால் வாரம் 250 டாலருக்குச் சாமான் வாங்க வேண்டும். அன்றைக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். 40 மணி நேரம் உழைத்தால் 64 டாலர். வெள்ளையர் வீடுகளில் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் கழுவிய கறுப்புப் பெண்களுக்கு அந்தச் சட்டமும் கிடையாது. வீட்டு வேலைக்காரர்களை அதற்குள் சேர்த்ததே 1974இல்தான். 64 டாலரையும் ஒரு காசு விடாமல் செலவு செய்தாலும் வரி 64 சென்ட். மிச்சம் 1.86 டாலர் கையில் நிற்கும். அநியாய வரியை வைத்தே இப்படி ஒரு நியாயத்தைப் பிடுங்கினார்கள். கொள்கை சுத்தம் பார்த்து வெளியே நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது என்பது என் கருத்து. தோழர்கள் சிலர் மறுக்கலாம்.

வெள்ளையர்களிடம் மாஸலின் பிரச்சாரம் வேறு மாதிரி. நெடுஞ்சாலையில் கார்கள் நெரிசலில் மாட்டி நிற்கிற நேரமாகப் பார்த்து ஹெலிகாப்டரில் மேலே பறந்து, இதிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் ஆம் என்று வாக்களியுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார். கடவுளே கத்துவதாக நினைத்திருப்பார்கள் என்று பிற்பாடு அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அந்த வாக்கெடுப்பு மக்களிடம் வருவதற்கு முன்பே இன்னொருத்தருக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. விற்பனை வரிக்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்போது மாநிலத்தின் துணை ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ். யார் இவர்? பிக்ரிக் என்ற சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் தன் கடையில் சாப்பிட வந்த கறுப்பர்களைத் துப்பாக்கியைக் காட்டித் துரத்தியவர். அவருடைய ஆட்கள் கையில் கோடரிக் காம்பு. கறுப்பருக்குச் சோறு போடுவதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று மூடியவர். அந்தப் புகழிலேயே 1967இல் மாநில ஆளுநராகவும் ஆனவர். நம் ஊர் டீக்கடையில் இரட்டைத் தம்ளர் வைத்திருப்பவனை முதலமைச்சர் ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி. வரியில் வரும் பணத்தில் பாதிக்கு மேல் அன்றாட ஓட்டச் செலவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டால்தான் விடுவேன் என்று இவர் பிடிவாதம் பிடித்ததாக மாஸல் சொல்லியிருக்கிறார். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பாதி கட்டுமானத்துக்கு, பாதி ஓட்டுவதற்கு. நடைமுறையில் இதன் அர்த்தம், கட்டுமானக் கணக்கில் பணம் கிடந்தாலும் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க அதைத் தொட முடியாது. பஸ் சர்வீஸைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் கட்டணத்தை ஏற்ற வேண்டும். இந்த நிபந்தனையை நிரந்தரமாக நீக்கியது 2015இல். கடையை மூடிவிட்டுப் போன மனுஷன் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கறுப்பர் ஏறுகிற பஸ்ஸின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதிகாரம் என்பது கோடரிக் காம்பில் இருப்பதைவிட சட்டத்தின் ஒரு வரியில்தான் பத்திரமாக இருக்கிறது.

1971 நவம்பர் 9. ஃபுல்ட்டன் கவுண்டியும் டிகால்ப் கவுண்டியும் ஆம் என்றன. ஃபுல்ட்டனில் வித்தியாசம் சில நூறு வாக்குகள்தான். 1968இல் எதிர்த்த கறுப்பர் பகுதிகளிலிருந்து வந்த ஆதரவு இல்லையென்றால் கவிழ்ந்திருக்கும். கிளேட்டனும் குவின்னெட்டும் பெரிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றன.

ஏன் வேண்டாம்? 'வரிச்சுமை' என்றார்கள். 'உள்ளூர் சுதந்திரம்' என்றார்கள். 'குற்றவாளிகள் ரயிலேறி வருவார்கள்' என்றார்கள். ரயிலில் வந்து வீட்டைக் கொள்ளையடித்து, டிவியைத் தூக்கிக்கொண்டு, அதே ரயிலில் திரும்பிப் போவானாம் திருடன். பிளாட்பாரத்தில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிற திருடனை நினைத்துப் பாருங்கள். அதையும் நம்பினார்கள். மார்ட்டா என்ற ஆங்கில எழுத்துக்களுக்கே வேறு விரிவு கண்டுபிடித்தார்கள்: 'ஆப்பிரிக்கர்களை அட்லாண்டா வழியாக வேகமாகக் கடத்துவது'. பல பத்தாண்டுகளாக வெள்ளைப் புறநகர்களில் சொல்லிச் சிரித்த நகைச்சுவை இது. வண்டியில் யார் ஏறுகிறார் என்பதை வைத்து வண்டிக்கே ஜாதி வந்துவிடுகிறது. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்களே, அது நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடியவில்லை. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்தார்கள். அங்கே பெயரோடு நிற்கவில்லை, தண்டவாளத்தையே எல்லைக்கோட்டில் நிறுத்திவிட்டார்கள்.

1972 பிப்ரவரியில் மார்ட்டா பழைய தனியார் பஸ் கம்பெனியை 1.29 கோடி டாலருக்கு வாங்கியது. மார்ச் 1ஆம் தேதி கட்டணம் 15 சென்ட் ஆனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கூட்டம் கூடியது. ஏழு வருஷம் அந்த நகரத்து ஏழைகள் மிக மலிவாகப் பயணம் செய்தார்கள். (பம்பாயில் தலித் பேந்தர்கள் தோன்றியதும் அதே 1972இல்தான். அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். சிறுத்தைகளின் செய்தி நமக்கு வந்து சேர்ந்தது, பதினைந்து சென்ட் பேரத்தின் செய்தி வந்து சேரவில்லை.)

முதல் ரயில் 1979 ஜூனில் ஓடியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஏழு வருஷக் கெடு முடிந்து கட்டணம் 25 சென்ட் ஆகியிருந்தது. 1980இல் 50 சென்ட். இடையில் விலைவாசியும் இரட்டிப்பாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் இரண்டரை டாலர். சலுகைக்குக் கெடு வைத்திருந்தார்கள், வரியை நீட்டித்துக்கொண்டே போனார்கள். மாநில அரசாவது கைகொடுத்ததா என்றால், பெட்ரோல் வரியை ரோட்டுக்கும் பாலத்துக்கும் தவிர வேறெதற்கும் செலவிடக் கூடாது என்று ஜார்ஜியா அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கார் வைத்திருப்பவனின் வரி காருக்கு. பஸ்ஸில் போகிறவன் வரி மட்டும் பொது.

பெர்ரி ஹோம்ஸ் ரயில்? கிழக்கே, வடக்கே, தெற்கே பாதைகள் நீண்டன. விமான நிலையத்துக்கு 1988இல் போனது. வடமேற்குக் கிளை 1992 டிசம்பரில் பேங்க்ஹெட் வரைக்கும் வந்து நின்றது. பெர்ரி ஹோம்ஸுக்கு அது முந்திய நிறுத்தம். 1990களின் கடைசியில் பெர்ரி ஹோம்ஸ் குடியிருப்பையே இடித்துவிட்டார்கள். ரயில் வருமென்று 1971இல் வாக்களித்தவர்களுக்கு ரயில் வரவில்லை, புல்டோசர் வந்தது. வடக்கே வசதியானவர்கள் வாழும் பகுதிக்கோ 2000ஆம் ஆண்டிலும் புதிய நிலையங்கள் திறந்தார்கள்.

காலம் போகப் போக எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் மாறினார்கள். நகரத்தில் வாடகை கட்ட முடியாத கறுப்பர்கள் கிளேட்டனுக்குப் போனார்கள், அங்கிருந்த வெள்ளையர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். 1971இல் கறுப்பர்கள் வந்துவிடுவார்கள் என்று பயந்து ரயிலைத் தடுத்த கவுண்டி, கறுப்பர் பெரும்பான்மைக் கவுண்டி ஆனது. யார் போட்ட தடையில் யார் மாட்டிக்கொண்டார்கள் பாருங்கள். அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும்பகுதி கிளேட்டன் எல்லைக்குள்தான் இருக்கிறது. பெட்டி தூக்குகிறவர்களும் கக்கூஸ் கழுவுகிறவர்களும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள். 2001இல் கிளேட்டன் தனக்கென்று ஒரு பஸ் சேவை தொடங்கியது. பணமில்லை என்று 2010 மார்ச் 31ஆம் தேதி ஒரே நாளில் நிறுத்தினார்கள். கார் இல்லாதவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்தார்கள், வேலையை இழந்தார்கள். பஸ் நின்றுபோவது என்றால் என்ன என்று காலனியிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாலரை வருஷம் கவுண்டி முழுக்கப் பஸ் இல்லை. 2014 நவம்பரில் கிளேட்டனில் மீண்டும் வாக்கெடுப்பு. அதே கேள்வி, அதே ஒரு சென்ட். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆம் என்றார்கள். 43 வருஷத்துக்கு முன் பெரும் வித்தியாசத்தில் தோற்ற அதே ஊர். ஏழைகள் தங்கள்மீதே வரி போட்டுக்கொண்டார்கள். வரி என்றாலே ஜனங்களுக்குப் பிடிக்காது என்று எழுதுகிற பொருளாதார மேதாவிகள் கிளேட்டனைப் படிக்க வேண்டும். 2015 மார்ச்சில் மார்ட்டா பஸ் கிளேட்டனுக்குள் வந்தது.

குவின்னெட் கதை வேறு. 1971க்குப் பிறகு 1990இலும் அங்கே தோற்கடித்தார்கள். 2019 மார்ச்சில், வெள்ளையர் பெரும்பான்மை இழந்துவிட்ட பிறகும், தனித் தேர்தலாக வைத்ததில் சொற்பப் பேர் வந்து வாக்களித்துத் தோற்றது. 2020 நவம்பரில் நான்கு லட்சம் வாக்குகளில் சுமார் ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. 2024 நவம்பரில் மீண்டும் தோற்றது. 1965இல் மாட்டேன் என்ற காப் கவுண்டியும் அதே நாளில் மீண்டும் மாட்டேன் என்றது.

கிளேட்டன் மக்கள் கட்டும் ஒரு சென்ட்டில் பாதியைத் தனியாக எடுத்துவைத்து, அதைக் கொண்டு ரயிலைப் போன்ற பெரிய போக்குவரத்தைக் கொண்டுவருவதாகத்தான் 2014இல் பேச்சு. 2018இல் ரயில்தான் என்று மார்ட்டா நிர்வாகக் குழு முடிவெடுத்தது. சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தமான பாதையை ஒட்டி அது போக வேண்டும். செலவு கட்டுபடியாகாது, கம்பெனியோடு ஒத்துவரவில்லை என்று சொல்லி, இரண்டு மூன்று வருஷத்தில் ரயிலைக் கைவிட்டு, தனிப் பாதையில் ஓடும் விரைவுப் பஸ் விடலாம் என்று மாற்றினார்கள். ஒரு சென்ட் வரியை மாற்றவில்லை.